ஐந்து வெள்ளி

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், வயலை மனையாக்கி, மனையை மாளிகையாக்கி எழுந்து நிற்கிறது அந்த முதியோர் இல்லம். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கூட்டம் கூடிவிடும். இப்போதே அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

பெரியம்மாவை அங்கே சேர்த்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் அலுவலகத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். ‘பராமரிப்பின் தரம் குறித்து உங்கள் மதிப்பீடு’ என்று தலைப்பு. கீழே ஐந்து நட்சத்திரங்கள் வெறுங்கோடாக அச்சாகியிருந்தன. பேனாவால் எத்தனையை வேண்டுமானாலும் நிரப்பலாம். பெரியம்மா நட்சத்திரம் என்று சொல்லமாட்டார். அவருக்கு வானத்தில் மின்னுவதெல்லாம் வெள்ளிதான். ‘கருத்து இருந்தால் எழுதவும்’ என்று கடைசியில் இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். இரண்டு வரியில் அடங்குகிற பெருமையா அது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரவேற்பறை. தரையெல்லாம் பளிங்கு. சுவரில் தங்க ரேக்கு ஒட்டிய தஞ்சாவூர் ஓவியம். மேசை மேல் தலையாட்டிப் பொம்மை. அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் சாயும், ஆடும், தானே நிமிர்ந்துவிடும். அந்த இல்லத்தில் விழுந்த உடனே எழுந்துகொள்கிற ஒரே ஆள் அதுதான். மற்றவர்கள் யாராவது பார்க்கிறவரை காத்திருக்க வேண்டும். பொறுமை முதுமைக்கு அழகு.

ஓரத்தில் நான்கு சக்கர நாற்காலிகள். வாங்கியபோது சுற்றியிருந்த பாலிதீன் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. முதியவர்கள் உட்கார்ந்தால் அழுக்காகிவிடுமே! தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து ஔவையார் வியந்தாரல்லவா, ஆயுதங்களெல்லாம் இத்தனை புதிதாக இருக்கின்றனவே என்று? அவருக்கு அடுத்து அப்படி வியக்கும் பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது.

உள்ளே கூடம். முற்பகல் பதினொரு மணிக்கு, எழுந்து உட்காரக்கூடியவர்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பேச்சுச் சத்தம் இல்லை, ஒரு இருமல் இல்லை. தலைகள் மட்டும் மெல்ல முன்னே சரிந்து, சட்டென்று நிமிர்ந்து, மறுபடி சரிந்தன. மேசை மேல் இருந்த பொம்மையை ஏன் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. “எவ்வளவு அமைதி பாருங்க சார்” என்றார் மேலாளர். உண்மைதான். கிராமத்து வீட்டில் தனியாக இருந்தவரை பெரியம்மாவுக்கு வாய் ஓயாது. கொல்லையில் வாழை சாய்ந்ததிலிருந்து எதிர்வீட்டு மாடு கன்று போட்டதுவரை எல்லாவற்றையும் இரவு எட்டு மணிக்குப் போன் போட்டுச் சொல்வார். இங்கே சேர்த்த இரண்டாம் வாரமே பேச்சு நின்றது. என்ன மாத்திரை, எந்த டாக்டர் எழுதினார் என்று கேட்டேன். “எல்லாருக்கும் கொடுக்கறதுதான் சார்” என்றார். சாதி, மதம், வியாதி எதையும் பார்க்காத மாத்திரை.

சாப்பாட்டிலும் இதே சமத்துவம்தான். இல்லத்தில் இருக்கும் முப்பத்திரண்டு பேரில் சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்த அழுத்தம். ஆகவே எல்லாருக்கும் இனிப்பு இல்லை, எல்லாருக்கும் உப்பு இல்லை. இரவில் சோறும் இல்லை, கோதுமைக் கஞ்சி. நடவு நட்ட ஆட்களுக்கு ஐம்பது வருடம் குண்டான் குண்டானாகச் சோறு வடித்துப் போட்டவர் பெரியம்மா. ராத்திரி ஒரு பிடி மோர்சாதமும் நார்த்தங்காயும் இல்லாமல் படுத்தவரில்லை. அவருக்குச் சர்க்கரையும் கிடையாது, அழுத்தமும் கிடையாது. அதனால் என்ன? பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு இருக்கிறதே!

நீர் மேலாண்மை இன்னும் சிறப்பு. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது நம் டெல்டாவின் வழக்கம். திறக்கிற தேதி தவறுகிற ஆண்டுகள் உண்டு. இல்லத்தில் ஒருநாளும் தவறாது. காலை ஏழு மணிக்குத் திறப்பு, மாலை ஐந்து மணிக்கு அடைப்பு. அதற்குப் பிறகு யாருக்கும் ஒரு மிடறு தண்ணீர் கிடையாது. குடித்தால் இரவில் நனையும். நனைந்தால் டயபர் மாற்ற வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், ஒரு டயபரும் வேண்டும். தலைமடையை அடைத்துவிட்டால் கடைமடையில் வடிகால் பிரச்சினை எதற்கு? பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் இங்கே வந்து ஒருவாரம் பயிற்சி எடுக்கலாம். முதியவர்களின் நாக்கு வறண்டு, மதியத்தில் தலை சுற்றி, பேச்சுக் குழறினால் அது வயதின் கோளாறு என்று எழுதிக்கொள்கிறார்கள்.

இரவுச் சாப்பாடு மாலை ஐந்தரைக்கு. இதைச் சொல்லும்போது எனக்குக் காளமேகப் புலவர் நினைவு வருகிறது. நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவர் சத்திரம் வைத்திருந்தார். பசியோடு போன புலவர் சோற்றுக்குக் காத்துக் காத்து, கடைசியில் ஒரு வெண்பா பாடினார். பொழுது சாய்ந்தபிறகுதான் அங்கே அரிசியே வரும், இலையில் ஓர் அகப்பைச் சோறு விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்பது அதன் பொருள். காத்தான் வருந்தி நின்றதும், அதே பாட்டுக்கு வேறு பொருள் சொல்லிப் புகழாக்கிக் கொடுத்தாராம். காளமேகம் இன்றிருந்தால் இந்த இல்லத்தைப் பார்த்து நாணிப்போயிருப்பார். இங்கே தாமதம் என்ற பேச்சே இல்லை. சூரியன் மறையுமுன் சாப்பாடு முடிந்து, தட்டுக் கழுவி, சமையல்காரர் ஐந்து ஐம்பது பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார். மறுநாள் காலைக் கஞ்சி எட்டு மணிக்கு. நடுவில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு. ஏகாதசி விரதம் மாதத்துக்கு இரண்டு நாள்தான். இங்கே தினமும் புண்ணியம் சேர்கிறது.

இதே தஞ்சை மண்ணில் ஒரு காலத்தில் வேண்டாத வழக்கங்கள் இருந்திருக்கின்றன. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில் தம் சத்திரங்களில் நடப்பதை விவரித்திருக்கிறார். நள்ளிரவில் மணி அடிப்பார்களாம். அதுவரை சாப்பிடாதவர் யாரேனும் இருந்தால் வந்து சாப்பிட. வர முடியாதவர்களுக்கு அவர்கள் இருக்கிற இடத்துக்கே சோறு போகுமாம். நோயாளிக்கு மருத்துவரும் மருந்தும் உண்டாம். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அந்த வழிமுறையில் எழுந்ததுதான். நள்ளிரவில் மணி அடித்தால் மற்றவர் தூக்கம் கெடாதா என்று யாரும் மன்னருக்கு எடுத்துச் சொல்லவில்லை போலும்.

இல்லத்திலும் மணி உண்டு. ஒவ்வொரு கட்டிலுக்கும் நேராகச் சுவரில் சிவப்புப் பொத்தான், நிற்கிறவர் தோள் உயரத்தில். எழுந்து நிற்க முடியாதவர் உதவி கேட்பதற்காக வைத்தது. எழுந்து நின்றால் அழுத்தலாம். சத்திரத்து மணியைச் சத்திரத்தார் அடித்தார்கள், பசித்தவர் வந்தார். இங்கே பசித்தவர்தான் அடிக்க வேண்டும். காலம் முன்னேறியிருக்கிறது.

அடுத்து பதிவேடு. நீலநிற அட்டை, சிவப்பு முதுகு. படுக்கையிலேயே இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும் என்பது விதி. விதிப்படி அத்தனையும் எழுதியிருந்தார்கள்: எட்டு மணி இடப்பக்கம், பத்து மணி வலப்பக்கம், பன்னிரண்டு மணி மல்லாக்க. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. பக்கத்தைப் புரட்டினேன். நாளைக்கும் எழுதி முடித்திருந்தார்கள். வருகிற கிரகணத்தை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் பஞ்சாங்கக்காரரைக் கொண்டாடுகிறோம்; நாளை ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கிழவியின் முதுகு எந்தப் பக்கம் இருக்கும் என்று இன்றைக்கே சொல்லக்கூடியவர்களை யார் கொண்டாடுகிறார்கள்?

இந்தப் பதிவேட்டையெல்லாம் எழுதுகிற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். இரவில் முப்பத்திரண்டு பேருக்கும் அவள் ஒருத்திதான். மூன்று மாதம் பயிற்சி, பன்னிரண்டு மணி நேர வேலை. அவளிடம் குறை கண்டால் நாக்கு அழுகிவிடும். பெரியம்மாவுக்குத் தலையைத் தடவிக் கொடுக்க அந்த ராத்திரியில் அவளுக்கு எங்கிருந்தோ இரண்டு நிமிடம் கிடைக்கிறது. ஆனால் ஆட்களைக் குறைத்து வேலையைக் கூட்டுகிற நிர்வாகத் திறமை சோழர்களுக்குத் தெரியாமல் போயிற்று. பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு ஆதுலர்சாலை என்ற மருத்துவமனை ஒன்றின் கணக்கைச் சொல்கிறது. கட்டில் பதினைந்துதான். அதற்கு ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளியைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீருக்கு ஓர் ஆள். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்றுகூடக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இரவு விளக்குக்கு எண்ணெய்ச் செலவு வேறு! தஞ்சையிலேயே குந்தவை தம் தந்தை சுந்தர சோழர் பெயரால் ஓர் ஆதுலர்சாலை வைத்திருந்தார். இப்படிச் செலவு செய்ததால்தானோ என்னவோ, அந்த ராஜ்யமெல்லாம் நிலைக்கவில்லை.

இனி மகுடமான விஷயம்: ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. அப்போது நியூஜெர்சியில் இருக்கிற பெரியம்மாவின் மகனுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, சனிக்கிழமை இரவு. வீடியோ அழைப்புக்கான நேரம். ஏழு மணியிலிருந்தே இல்லம் கல்யாண வீடுபோல் பரபரக்கும். பெரியம்மாவுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, நெற்றியில் விபூதி. அலமாரியிலிருந்து கண்ணாடியும் பல்செட்டும் வெளியே வரும். வாரம் முழுக்கப் போட்டிருந்தால் தொலைந்துபோகுமல்லவா? பின்னால் துவைத்த திரைச்சீலை, பக்கத்தில் ஒரு ரோஜா. அழைப்பு பத்து நிமிடம். “நல்லா இருக்கியாம்மா?” “இருக்கேன்ப்பா.” அண்ணனுக்குக் கண் கலங்கிவிடும். அழைப்பு முடிந்ததும் பல் மறுபடி அலமாரிக்குப் போய்விடும்.

இந்தக் காட்சியைப் பார்த்தபிறகுதான் என் மூளைக்கு வெளிச்சம் வந்தது. அதுவரை நான் தப்பான ஆளை வைத்துத் தரத்தை அளந்துகொண்டிருந்தேன். மாதாமாதம் பணம் கட்டுவது யார்? அண்ணன். படிவத்தை நிரப்பப் போவது யார்? அண்ணனோ, அவர் சார்பில் நானோ. ஆகவே இல்லம் பராமரிப்பது அண்ணனை. அந்தப் பராமரிப்பில் ஒரு குற்றம் சொல்ல முடியுமா? அண்ணன் ராத்திரி நன்றாகத் தூங்குகிறார். நேரத்துக்குச் சாப்பிடுகிறார். மனத்தில் ஒரு புண் இல்லை; அவரை வாரத்துக்கு ஒருமுறை பக்குவமாகப் புரட்டிவிடுகிறார்கள். ஏழு கடலுக்கு அப்பால் இருக்கிற ஒருவரை இத்தனை பரிவோடு கவனித்துக்கொள்கிற இல்லம் காவிரிப் பாசனத்தில் வேறு எங்கே இருக்கிறது?

நன்கொடையாளர்களையும் இப்படித்தான் கவனிக்கிறார்கள். பிறந்தநாள், கல்யாண நாள், திதி என்று ஆட்கள் சாப்பாடு போட வருவார்கள். ஒரே நாளில் மூன்று பிறந்தநாள் வந்தால் முதியவர்கள் மூன்று முறை கைதட்டி, மூன்று கேக் வெட்டுவதைப் பார்க்க வேண்டும். போட்டோவில் சிரிக்காதவருக்கு அடுத்தமுறை பின்வரிசைதான். யாருக்கும் பிறந்தநாள் இல்லாத செவ்வாய்க்கிழமைகளில் அதே கஞ்சி. நாம் பிறக்காத நாளில் அவர்களுக்குப் பசிக்காது.

குறை காண்பதே தொழிலாகக் கொண்ட சிலர் இருக்கிறார்கள். அவர்களை உள்ளே விடவே கூடாது என்று நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அடையாளம் சொல்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் இரவு ஏழு மணிக்கு வந்து நிற்பார்கள். வரவேற்பறையைப் பார்க்காமல் நேரே கழிப்பறைக்குப் போவார்கள். பினாயில் வாடையையும் அதற்கு அடியில் இருக்கிற வாடையையும் பிரித்து முகர்வார்கள். போர்வையை விலக்கிக் குதிகாலையும் இடுப்புக்குக் கீழே வால் எலும்பையும் பார்ப்பார்கள். புண் முதலில் அங்கேதான் சிவக்கும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டுகிறதா என்று நீட்டிப் பார்ப்பார்கள். மணியை அழுத்திவிட்டு, ஆள் வருகிற வரைக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். போன மாதம் எத்தனை கிலோ, இந்த மாதம் எத்தனை கிலோ என்று எடைக் கணக்குக் கேட்பார்கள். நகத்தையும் பார்ப்பார்கள். மேலாளரை விட்டுவிட்டுச் சமையல்காரரிடமும் ராத்திரிப் பெண்ணிடமும் பேசுவார்கள். கடைசியில், மற்றவர்களை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, கட்டிலில் கிடப்பவரிடம் “உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டுவிடுவார்கள். இவர்களால் நல்ல பெயர் எடுத்த எத்தனையோ இடங்கள் கெட்டுப்போகும்.

அண்ணன் இருக்கிற அமெரிக்காவில் இந்தக் கூட்டம் அரசாங்கத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவம் பார்க்கிற இடம். அங்கே முதியவர்களைப் பராமரிக்கிற இடம். அவற்றுக்கு 2008 முதல் அரசே ஒன்றிலிருந்து ஐந்துவரை வெள்ளி போடுகிறது. எத்தனை நர்ஸ் இருக்கிறார்கள் என்று இல்லங்கள் சொன்னதை முதலில் நம்பினார்கள். பிறகு நம்பிக்கை போய், சம்பளப் பட்டியலைக் கொண்டுவா என்கிறார்கள். மனிதரை மனிதர் நம்பாத தேசம்.

நம் சட்டம் அப்படி முரட்டுத்தனமானதல்ல. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. கதியற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் இல்லத்தை அரசு அமைக்கலாம் என்கிறது. அந்த இல்லங்களில் தரம் எப்படி இருக்க வேண்டும் என்று விதியும் வகுக்கலாம் என்கிறது. ‘லாம்’ என்ற இந்த இரண்டெழுத்தில்தான் எத்தனை கனிவு! பிள்ளைகள் தர வேண்டிய ஜீவனாம்சத்துக்கு அதே சட்டம் மாதம் பத்தாயிரம் ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது; பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோரிடம் பத்திரம் எழுதி வாங்கிய நன்செயின் விலையை நினைத்துப் பார்த்தால், யாருக்கும் மனம் நோகக் கூடாது என்று சட்டம் போட்டவர்கள் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள் என்பது விளங்கும். முதியோர் உதவி எண் 14567 இல்லத்தின் வரவேற்பறையில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. முதியவர்களின் கைபேசிகள், பத்திரமாக இருக்கட்டும் என்று, மேலாளரின் இழுப்பறையில்.

அதிகாரிகளின் வேகத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். உடனே எல்லா விடுதிகளையும் ஆய்வு செய்தார்கள். 2004 ஜூலை 16 அன்று நம் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை எரிந்து 94 பிள்ளைகள் போனார்கள். உடனே மாநிலமெங்கும் கூரைகள் கண்ணில் பட்டன. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் குண்டலப்புலியூர் ஆசிரமம் அனுமதியில்லாமல் பல ஆண்டு நடந்தது தெரிந்ததும், அங்கிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை உடனே வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். நடந்து முடிந்தபிறகு இவ்வளவு விரைந்து வருகிறவர்களை யார் குறை சொல்ல முடியும்? வருமுன் காப்பவர்களுக்கு எது நடக்கும் என்றே தெரியாது. இவர்கள் எது நடந்தது என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு வருகிறார்கள். எங்கள் இல்லத்துக்கும் ஆய்வு வந்தது. மூன்று நாள் முன்பே தகவல் சொல்லிவிட்டார்கள். வாசலில் கோலம். கட்டில்களில் புது விரிப்பு, கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை புகழ்ந்துகொள்கிறேன். இல்லத்திலிருந்து இருபது கிலோமீட்டரில், தஞ்சாவூரில்தான் என் வீடு. மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. மாடிப்படி பெரியம்மாவுக்குச் சிரமம் என்று முன்பே யோசித்து வைத்திருந்தேன். கீழ் அறையில் டிவி இருக்கிறது. ஆறு மாதத்தில் மூன்று முறை போய்ப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன். பல்லை அலமாரியில் வைத்திருப்பவருக்கு ஆரஞ்சு உகந்ததா என்று மூன்றாம் முறைதான் தோன்றியது.

படிவத்தில் ஐந்தையும் நிரப்பினேன். மேலாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். விடைபெற உள்ளே போனேன். பெரியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பதிவேட்டின்படி அப்போது அவர் மல்லாந்து இருக்க வேண்டும். தோளைத் தொட்டதும் முழித்துப் பார்த்தார்.

“ஆத்துல தண்ணி வந்துடுச்சா தம்பி?”

மாசி மாதம். அணையை மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. குடமுருட்டியில் மணல்தான். “வந்துடுச்சு பெரியம்மா” என்றேன்.

“அப்ப நாத்து விட்டிருப்பாங்க” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

“ராத்திரி தூக்கம் வருதா?”

“வருது. நாலு மணிக்கு முழிப்புத் தட்டிடும். வயிறு கிள்ளும். அந்த ஜன்னல்ல வெள்ளி முளைக்கும் பாரு, அதைப் பாத்துக்கிட்டே கெடப்பேன். அது ஏறி மங்கிப் போச்சுன்னா, கொஞ்ச நேரத்துல கஞ்சி வந்துரும்.”

நான் கொடுத்த ஐந்தும் அலுவலக மேசைமேல் காய்ந்துகொண்டிருந்தன. பெரியம்மாவுக்குத் தெரிகிறது ஒன்றுதான். நாகப்பட்டினத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து காளமேகம் பார்த்ததும் அதே வெள்ளிதான்.